யாரும் கேட்காத கோக்கோ

காஜா பெராங் சாலையிலிருந்து கம்போங் செட்டிக்குள் திரும்பும் முனையில் தகரக்கூரை போட்ட சின்னக் கடை ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் மட்டும்தான் அது கடை. மற்ற மாதங்களில் சாரதாம்பாள் அதற்குள் கோழி அடைப்பாள். மதியத்துக்குமேல் வானம் கறுத்துக்கொண்டு வரும் மாதங்கள் பிறந்ததும், அவளுடைய மருமகள் சந்திரமதி கோழிகளைக் கொல்லைப்பக்கம் விரட்டிவிட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவுவாள். கரியடுப்பைப் பற்றவைத்து, பெஞ்சைத் துடைத்துப் போட்டு, கோக்கோ ஆற்ற உட்கார்ந்துவிடுவாள்.

மலாக்காவில் மழைக்கு இதமாகக் காப்பி குடிக்க எத்தனையோ கடைகள் இருந்தன. கோக்கோ என்றால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுப்பது என்றுதான் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சந்திரமதி கையால் ஒரு தடவை குடித்தவர்கள் அப்புறம் அப்படி நினைக்கவில்லை.

அவள் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ரப்பர் மரம் நிற்கும் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா முகம் தெரியாது. அப்பா சுப்பையன் மறுகல்யாணம் செய்துகொண்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததுமே மகளைத் துரை பங்களாவின் அடுப்படியில் வேலைக்கு விட்டுவிட்டார். மழை நாட்களில் துரைசானி கோக்கோ கேட்பாள். பொடியை அப்படியே பாலில் கொட்டினால் கட்டி தட்டும், முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சந்தனம் மாதிரிக் குழைத்துக்கொண்டு அதன்மேல்தான் கொதிக்கிற பாலை ஊற்ற வேண்டும் என்பதைச் சந்திரமதி பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். துரைசானி சர்க்கரை மட்டும்தான் போடச் சொல்வாள். பட்டை தட்டிப் போட்டால் எப்படி இருக்கும், இஞ்சி நசுக்கிப் போட்டால் எப்படி இருக்கும் என்று சந்திரமதியின் மனசு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாய் திறந்து சொன்னதில்லை. எதையுமே வாய் திறந்து சொல்கிற சுபாவம் அவளுக்கு இல்லை.

தோட்டத்துக் கடைக்கு லாரியில் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கிய நல்லையா அவளைப் பார்த்து, விசாரித்து, பெண் கேட்டுக் கட்டிக்கொண்டான். அவன் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்னே வந்து தங்கிவிட்ட தமிழ் வழி. திருநீறு உண்டு, கோயில் உண்டு, வீட்டில் பேச்சு மட்டும் மலாய். நல்லையாவுக்கு வேலை செய்யும் இடத்தில் பழகிய தமிழ் கொஞ்சம் இருந்தது. மாமியார் சாரதாம்பாளுக்கு அதுவும் இல்லை. அவள் மலாயில் சொல்வதைச் சந்திரமதி மனசுக்குள் தமிழாக்கி வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டல்தான் சாரதாம்பாளுக்குப் பிடிக்காது.

"கித்தாக்காட்டுலேருந்து ஒரு ஊமையப் புடிச்சிட்டு வந்திருக்கான் லா என் மவன்," என்று வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவிடம் சொல்வாள், மருமகள் காதில் விழுகிற மாதிரியே.

அந்தச் சந்தில் இருந்த வீடுகளில் இறந்துபோனவர்களுக்குப் படையல் போடுவது பெரிய காரியம். பார்ச்சு என்பார்கள். போகியன்று ஒன்று, பழங்கள் பழுக்கும் காலத்தில் ஒன்று. நடு அறையில் வாழையிலை போட்டு, போனவர்கள் உயிரோடிருந்தபோது எதை ஆசையாகத் தின்றார்களோ, எதைக் குடித்தார்களோ அதையெல்லாம் வைப்பார்கள். விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே அவர்கள் சாப்பிட வேண்டும் அல்லவா? கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள். அவர்கள் தொட்ட பண்டத்தில் ருசி இருக்காது என்பதும், கதவு திறக்கும் முன்னால் அதில் கைவைக்கக் கூடாது என்பதும் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சந்திரமதியை அந்த அறைக்குள் இலை போட விட்டதில்லை. வெளியிலிருந்து வந்தவள், பிள்ளையும் பெறவில்லை, முன்னோர்களுக்கு அவளை அடையாளம் தெரியாது என்றாள் சாரதாம்பாள். சந்திரமதி அடுப்படியில் சாமான் கழுவிக்கொண்டு இருந்துவிடுவாள்.

தோட்டத்துத் துரைசானி மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பியபோது சந்திரமதியைக் கூப்பிட்டனுப்பி, மிச்சமிருந்த கோக்கோ டின்களையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த டின்களோடு தொடங்கியதுதான் கடை. பண்டான் இலை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், அன்னாசிப்பூ, மிளகு, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் ஊறுகாய் ஜாடிகளில் வரிசையாக இருக்கும். சிலருக்குப் பசும்பால், சிலருக்குத் தேங்காய்ப்பால். இனிப்புக்கு குலா மலாக்கா வெல்லம்.

ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சாக இருந்த வருஷம் அது. அந்த மழையில்தான் அவள் கை தானாகப் போகத் தொடங்கியது.

முதலில் அப்பாசாமிக்குத்தான் அப்படி நடந்தது. மூன்று சக்கரப் பெச்சா வண்டி மிதிக்கிறவர், அதே சந்துக்காரர், தமிழ்ச் சவாரிகளோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். தொப்பலாக நனைந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எதாச்சும் ஒண்ணு குடும்மா. பல்லு தந்தி அடிக்குது."

அவருக்கு இஞ்சி போடலாம் என்றுதான் சந்திரமதி நினைத்தாள். கை இஞ்சிக்குப் போகவில்லை. ஜாதிக்காயை எடுத்து உரசியது. ஒரு சிட்டிகை உப்பையும் அள்ளிப் போட்டது. ஐயோ, உப்பைப் போட்டுவிட்டோமே என்று அவள் தடுமாறுவதற்குள் அப்பாசாமி குவளையை வாங்கிக் குடித்துவிட்டார். குடித்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இத யாரு ஒனக்குச் சொன்னா?"

யாருமில்லை என்று சந்திரமதி தலையை ஆட்டினாள்.

"எங்க அண்ணன் இப்பிடித்தான் குடிப்பாரு. காப்பின்னாலும் சரி, பாலுன்னாலும் சரி, ஜாதிக்காயும் உப்பும் போடணும். இல்லன்னா சட்டிய தூக்கி அடிப்பாரு. அவரு போனது சப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியாச்சேம்மா."

அடுத்தது பொன்னம்மா. அவளுக்கு என்று போட்டதில் அன்னாசிப்பூவும் பண்டானும் தேங்காய்ப்பாலும் விழுந்தன. காய்ச்சலில் போன அவளுடைய மகள் மல்லிகாவுக்கு அந்த வாசனைப் பாயசம் என்றால் உயிராம். பொன்னம்மா கெபாயாச் சட்டையின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அப்புறம் பேச்சு சந்து முழுக்கப் பரவியது. மழை வந்தால் ஒவ்வொரு வீட்டாரும் வந்து உட்கார்ந்து, சந்திரமதியின் கை எந்த ஜாடிக்குப் போகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். காதில் யாராவது சொல்கிறார்களா என்று கேட்டார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பால் பொங்கி வரும்போது கை போகும், அவ்வளவுதான். கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கே பயமாகத்தான் இருந்தது.

சாரதாம்பாளின் நடை மாறிவிட்டது. வேலிக்கு மேலாக இப்போது வேறு மாதிரிப் பேசினாள்.

"நம்ம பெரியவங்க என் மருமவ கையப் புடிச்சிக்கிட்டாங்க, பாத்தியா? வேற எந்த வூட்டு மருமவளுக்கு லா இது வாய்ச்சிது?" பிறகு சந்திரமதியின் பக்கம் திரும்பி, "இந்தப் போகிக்கு நீயும் உள்ள வா, மாத்தி. எல்லா எலைக்கும் நீயே கலந்து வையி," என்றாள்.

மாத்தி என்று அவள் செல்லமாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்திரமதி அன்றைக்குச் சாமான் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு மாலை, கடையில் யாருமில்லாத நேரம். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலேயே அவள் கை தேங்காய்ப்பாலை அடுப்பில் ஏற்றியது. அடி பிடிக்கும்வரை அப்படியே விட்டது. கருகிய வாசனை எழுந்த பிறகுதான் இறக்கி, மிளகைத் தட்டிப் போட்டு, எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் போட்டு, கோக்கோவில் ஊற்றியது. குவளை நிறைந்து ஆவி பறந்தது. வாங்கிக் குடிக்க எதிரே ஆள் இல்லை. பெஞ்சின் கோடியில் மட்டும், நனைந்த துணியோடு யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி, ஈரம் ஒரு வட்டமாக இருந்தது.

கூரை ஒழுகியிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தில் ஒழுகல் இல்லை. துடைத்துப் போட்டாள்.

மறுநாளும் அதே கோக்கோ. அதற்கடுத்த நாளும் அதேதான். பெஞ்சின் கோடியில் அதே ஈரம். கூடவே லேசாக ஒரு புளித்த வாடை. பால் திரிந்துவிட்டது என்று நினைத்து நல்ல பாலைக் கொட்டிவிட்டு வேறு வாங்கினாள். வாடை போகவில்லை.

அந்தக் குவளையை ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டினாள். அப்பாசாமி ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கருகிப்போச்சும்மா. எங்காளுங்க யாரும் இப்பிடிக் குடிக்க மாட்டாங்க." பொன்னம்மா மோந்து பார்த்ததோடு சரி. சாரதாம்பாள் தன் வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொருவராக விரல்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. சந்தில் செத்தவர் யாருக்கும் அந்த ருசி சொந்தமாக இல்லை.

அன்றைக்கு நல்லையா நனைந்துகொண்டே வந்தான். அவன் அப்போது லாரியை விட்டுவிட்டுத் தொங்காங் படகில் வேலை செய்துகொண்டிருந்தான். கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆற்றுமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரும் வேலை. கோக்கோவை அவன் தொடமாட்டான். கறுப்புக் காப்பிதான் அவனுக்கு. குளிர் தாங்காமல் அந்தக் குவளையை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான்.

"அட, இது நல்லா இருக்கே! இத்தினி நாளா ஏன் எனக்குப் போட்டுக் குடுக்கல? இனிமே எனக்கு இதான்."

சந்திரமதி காலிக் குவளையை அவன் கையிலிருந்து வாங்கினாள். செத்தவர்களின் ருசிதான் தன் கைக்கு வருகிறது. இந்த ருசிக்குச் செத்தவர் யாருமில்லை. இப்போது உயிரோடிருக்கிற ஒருவன் இது என்னுடையது என்கிறான். அப்படியானால்?

அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. மிளகு ஜாடியைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மறுநாள் கடையைத் திறந்தால் ஜாடி தன் இடத்தில் இருந்தது. சாரதாம்பாள்தான் எடுத்து வைத்திருப்பாள். கேட்கலாம். கேட்டு, "நான் எடுக்கலியே" என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே இருந்துவிட்டாள்.

போகி வந்தது. கப்பல் வந்து நின்றுவிட்டதால் நல்லையா காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டான். வானம் காலையிலேயே இருட்டிக்கிடந்தது.

"இன்னிக்கி ஒரு நாளு போவாதீங்களேன்," என்றாள் சந்திரமதி.

அவள் இப்படிக் கேட்டதே இல்லை. நல்லையா சிரித்தான். "கப்பலு ஒம் புருசனுக்காக நிக்குமா? பார்ச்சு கதவு தொறக்கறதுக்குள்ள வந்துருவேன். அந்தக் கருவுன கோக்கோவ எடுத்து வையி, வந்து குடிக்கிறேன்."

மதியம் தாண்டியும் மழை ஓயவில்லை. நடு அறையில் இலைகள் போட்டாயிற்று. முதல் தடவையாகச் சந்திரமதி உள்ளே நின்று, நாசி லெமாக் சோற்றுக்கும் சம்பால் துவையலுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு குவளையாக வைத்தாள். கடைசியில் சாரதாம்பாள் கோடியில் இன்னொரு இலையை விரித்து, "அந்தச் சொந்தமில்லாததையும் கொண்டா," என்றாள்.

"வேணாம், மாமி."

"வேணாமா? யாருன்னே தெரியாத ஒண்ணு வாசல்ல நிக்கிதுன்னா, சோறு போட்டு அனுப்பிரணும். இல்லன்னா வூட்டுக்குள்ளயே சுத்தும். போ, கொண்டா."

அந்த இலை யாருக்கு என்று தான் நினைப்பதைச் சந்திரமதி எப்படிச் சொல்வாள்? புருஷன் கடலில் இருக்கும்போது, இலை விரித்த அறையில் நின்றுகொண்டு, அதை வாயால் சொன்னால் நடந்தே விடாதா? குவளையைக் கொண்டுவந்து வைத்தாள். விளக்கு ஏற்றினார்கள். சாம்பிராணி புகைந்தது. எல்லோரும் முன்பக்கம் போய் உட்கார, சாரதாம்பாள் கதவைச் சாத்தினாள். நல்லையா இன்னும் வரவில்லை.

சந்திரமதி அடுப்படியில் நின்றாள். அடுப்படிக்கும் நடு அறைக்கும் இடையே ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் குவளை அந்த இலையில் இருக்கும்வரை அவன் கரைக்கு வரமாட்டான் என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டால், யாராவது அதைத் தன்னுடையது ஆக்கிக்கொண்டால், அவன் வந்துவிடலாம். நானே ஆக்கிக்கொள்கிறேன் என்று அவள் நினைத்தாள். வாயில்லாதவள் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்குச் சுடர் ஆடாமல் நின்றது. அறை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பந்தி நடக்கும்போது நடுவே புகுந்துவிட்டவள் போல அவளுக்குக் கூசியது. இலைகளை மிதிக்காமல் மட்டும் இல்லை, இலைகளுக்கு எதிரே இருந்த வெற்றுத் தரையையும் மிதிக்காமல் சுவரோடு ஒட்டி நடந்தாள். கோடி இலைக்கு முன்னால் பாய் ஈரமாக இருந்தது. ஒரு வட்ட ஈரம். குனிந்தாள். அந்தப் புளித்த வாடை முகத்தில் அடித்தது.

குவளையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அதில் ருசியே இல்லை. மிளகு உறைக்கவில்லை. கருகல் தெரியவில்லை. வெறும் சூடு மட்டும் தொண்டையில் இறங்கியது. யாரோ அவளுக்கு முன்பே குடித்துவிட்டிருந்தார்கள்.

அப்படியானால் இது செத்தவரின் குவளை! எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவருடையது. நல்லையாவுடையது இல்லை. அவள் ஈரப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த வாடை என்ன என்று பிடிபட்டது. திரிந்த பால் இல்லை அது. கித்தாப்பால். வாளியில் புளித்து, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்களின் துணியிலும் கையிலும் ஏறி, எத்தனை துவைத்தாலும் போகாத வாடை. இந்தச் சந்தில் கித்தா மரத்தைத் தொட்டவர் யாரும் கிடையாது. எல்லா வீட்டிலும் ஏறி இறங்கி, உங்கள் வீட்டில் செத்தவர் யார், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவள், தன் வீட்டில் ஒருத்தி செத்திருக்கிறாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

பக்கத்தில் துணி சரசரத்த மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலிக் குவளையை இலையில் வைத்துவிட்டு எழுந்து, வந்த வழியே சுவரோடு ஒட்டிப் போய், கதவைச் சாத்தினாள்.

முன்கதவைத் தட்டித் திறந்தபோது சாரதாம்பாளின் கண் நேராகக் கோடி இலைக்குப் போயிற்று. குவளை காலி. பொன்னம்மா "ஐயோ!" என்று பின்வாங்கினாள். அதே நேரத்தில் வாசலில் நல்லையா, சேறும் தண்ணீருமாக, "கதவு தொறந்தாச்சா? எனக்கு எடுத்து வச்சிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்தான்.

"யாரு லா இது?" என்றாள் சாரதாம்பாள், குவளையைப் பார்த்தபடியே.

"எங்கம்மா," என்றாள் சந்திரமதி.

சாரதாம்பாள் கோடி இலைக்கு எதிரே வந்து நின்றாள். பிறகு அவள் வாயில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் வந்தது. "சம்பந்தி." அப்புறம் மலாயில், "சம்பந்திய இத்தினி நாளா கடைப் பெஞ்சுல ஒக்கார வச்சிருக்கியே, மாத்தி. பேரு என்னா? பேரு சொல்லிக் கூப்புட வேணாமா?" என்றாள்.

மறுநாள் பொங்கலுக்குச் சுப்பையன் பஸ் ஏறி வந்தார். அம்மாவைப் பற்றி அவள் அவரிடம் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. இப்போது கேட்டாள். அவர் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"மீனாச்சிக்கு ஒன்ன வயித்துல வச்சிருந்தப்ப மசக்கை. கஞ்சிக்குத் தேங்காப்பால கருவ விடுன்னுவா. மொளகு, எலுமிச்சந்தோலு... எங்கிருந்துதான் அந்த ருசி வந்துச்சோ. நீ பொறந்த கையோட அவ காச்சல்ல கெடந்தப்ப, சூடா எதாச்சும் குடுய்யா, குளுருதுன்னா. வெறகெல்லாம் மழையில நனைஞ்சி கெடந்துச்சும்மா. அடுப்பு பத்தல." முறுக்கிய நுனியை விட்டுவிட்டு, "பத்தவே இல்ல," என்றார்.

சந்திரமதி அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்தாள். தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். இனிப்பு தெரியவில்லை. உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். அதுவும் தெரியவில்லை. கதவு திறக்கும் முன்னால் அவர்கள் இலையில் கைவைத்ததற்கு நாக்கு போய்விட்டது என்று அவளுக்கு விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்டில் மெர்டேக்கா வந்தது. மழை வந்தது. கடை திறந்தது. கை முன்போலத் தானாகப் போகவில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டாள். அதற்கும் கூட்டம் வந்தது. அந்த முனையில் பல வருஷம் கோக்கோ ஆற்றினாள். பட்டை அளவாக இருக்கிறது, இஞ்சி இதமாக இருக்கிறது என்று குடித்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் வெறும் சூடுதான். நல்லையாவுக்கு மட்டும் அவள் கடைசிவரை கறுப்புக் காப்பியே போட்டுக் கொடுத்தாள். அவன் எவ்வளவோ கேட்டுப் பார்த்தான், கருகிய கோக்கோவைத் தரவில்லை.

அது போகிக்குப் போகி மீனாச்சியின் இலைக்கு மட்டும். கோடி இலை இல்லை இப்போது. சாரதாம்பாள் தன் புருஷன் இலைக்கு அடுத்ததாகவே சம்பந்திக்கு இடம் கொடுத்திருந்தாள். கதவைத் தட்டித் திறந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பண்டமாக எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் பொன்னம்மா மீனாச்சியின் குவளையை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள்.

"சப்புன்னு இருக்கு. வெந்நிதான்."

சந்திரமதி குவளையை அவளிடமிருந்து வாங்கி, மிச்சத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பாய் ஈரமாக இருந்த இடத்தைப் பார்த்தபடி, காரம் ஏறிய உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"மொளகு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.